தொல்புழுக்கை: சொல் விளக்கம்

ஆடு, மான், முயல், எலி போன்றவை உருண்டை உருண்டையாக இடும் கழிவுக்குத் தமிழில் புழுக்கை என்று பெயர். பழைய வடிவம் பிழுக்கை. மாட்டுக்குச் சாணம், யானைக்கும் குதிரைக்கும் இலத்தி, பறவைக்கும் பல்லிக்கும் எச்சம் என்று விலங்குக்கேற்பப் பெயர் மாறுவது நம் மரபு. மும்பையில் வாழும் தமிழருக்கு இந்தப் பாகுபாடு மராத்தி வழியாகவும் பழக்கமானதே: மாட்டினுடையது ஷேண், ஆட்டினுடையது லேண்டி.

நெடுங்காலம் அழியாமல் நிலைத்துவிட்ட இத்தகைய பழங்கழிவு அனைத்தையும் தொல்லுயிரியலில் அடக்கும் சொல் கோப்ரோலைட். அதைத் தமிழில் எப்படி வழங்குவது என்பதே இங்கே கேள்வி. கிரேக்க மொழியில் கோப்ரோஸ் என்பது சாணம். லித்தோஸ் என்பது கல். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தேடிச் சேகரித்த மேரி ஆனிங், இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் கிடந்த கற்களை உடைத்தபோது உள்ளே மீன் முள்ளும் செதிலும் இருக்கக் கண்டார்; அவை கல்லாகிவிட்ட கழிவே என்று விளக்கிய புவியியலாளர் வில்லியம் பக்லண்ட், 1829இல் இச்சொல்லை உருவாக்கினார்.

ஊனுண்ணிகளின் கழிவில் எலும்பிலிருந்து வந்த பாஸ்பேட் மிகுந்திருப்பதால் அது எளிதில் கல்லாகிறது. தாவர உண்ணிகளின் கழிவோ பெரும்பாலும் நாராகவே இருப்பதால் மழையிலும் பூஞ்சையிலும் சிதைந்துபோகிறது. புழுக்கைக்கு மட்டும் ஒரு வசதி உண்டு: குடல் நீரை நன்றாக உறிஞ்சிவிடுவதால் அது இறுகி, உலர்ந்தே வெளிவருகிறது, வறண்ட குகையில் விழுந்தால் கல்லாகாமலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கிறது. முயல் இருவகையாக இடும். மென்மையானதைத் தானே உடனுக்குடன் தின்றுவிடுவதால் நமக்குக் கிடைப்பது கெட்டியானதே. அமெரிக்கப் பாலைநிலங்களின் பொதி எலி தன் கூட்டில் சேர்க்கும் சுள்ளியும் புழுக்கையும் அதன் சிறுநீரில் ஊறிப் பிசினாக இறுகிவிடுகின்றன. அவற்றில் 40,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை உண்டு; அவற்றிலுள்ள இலையும் மகரந்தமும் அக்காலத் தாவரங்களைக் காட்டிவிடுகின்றன.

ஆகவே உலர்ந்து நிலைத்ததைத் தொல்புழுக்கை என்றும், கனிமமேறிக் கல்லானதைப் புழுக்கைக்கல் என்றும் பிரித்து வழங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. தொல்லெச்சம் என்ற சொல் அழகாக இருந்தாலும் இங்கே உதவாது. தொல்லுயிர் எச்சம் என்பது ஏற்கெனவே எல்லாப் புதைபடிவங்களுக்கும் பெயராகிவிட்டதால், எலும்பா கழிவா என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். மலப்படிவம் என்பதை மனிதருக்கும் ஊனுண்ணிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய விலங்குகளுக்குப் புழுக்கை பொருந்தாது. நம் மகாராஷ்டிரத்திலேயே, சந்திரபூர் மாவட்டத்துப் பிஸ்துராவில், டைட்டனோசார் என்ற பெரிய தாவர உண்ணி டைனோசார்களுடையவை எனக் கருதப்படும் கழிவுப் படிவங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகே, டைனோசார் காலத்திலேயே புல் இருந்தது உறுதியாயிற்று. அவற்றுக்குச் சாணக்கல் என்பதே தகும்.