ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நெஞ்சு மட்டும் படபடக்கிறது

என்னைப் பார்க்க வருகிறவர்களில் பலர், உட்காருவதற்கு முன்பே ஒரு பையை மேசைமேல் வைப்பார்கள். உள்ளே நான்கைந்து ஈசிஜி, ஒரு எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இருக்கும். எல்லாவற்றிலும் "நார்மல்" என்றுதான் எழுதியிருக்கும். மனநல மருத்துவரிடம் அவர்கள் வந்து சேர்வது கடைசியாகத்தான், அதுவும் யாராவது கட்டாயப்படுத்தி அனுப்பிய பிறகு.

கோவையில் என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 42, வங்கிக் கிளை மேலாளர். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு அவிநாசி சாலையில் பைக்கில் வீடு திரும்பும்போது நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல் நுனிகள் மரத்துப்போயின, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. "இதோட சரி, போயிடுவேன்னு நினைச்சேன் டாக்டர்" என்றார். அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், டென்ஷன்தான். ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடி அதே மாதிரி. அதற்குப் பிறகு அவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ண ஆரம்பித்துவிட்டார் என்றார் அவர் மனைவி.

இந்த "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையைத்தான் நான் எதிர்க்கிறேன். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் உயிர் போகிற மாதிரி இருந்ததை அனுபவித்தவருக்கு அது இரண்டே வழிகளைத்தான் விடுகிறது. ஒன்று, டாக்டர் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று வேறு டாக்டரைத் தேட வேண்டும். இல்லை, நான்தான் நடிக்கிறேனோ என்று தன்னையே சந்தேகப்பட வேண்டும். அவர் இரண்டையும் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்குப் போகும் பீதி. ஆபத்து என்று மூளை எச்சரித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இரவில் வீட்டு நாய் காற்றில் ஆடும் துணியைப் பார்த்துக் குரைக்கிறதே, அது மாதிரி. திருடன் இல்லை, ஆனால் குரைப்பது நிஜம்.

அவர் நம்பவில்லை. இதய மருத்துவர் எல்லாம் பார்த்து முடித்திருந்ததால், என் முன்னால் ஒரு நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னேன், நானும் கூடவே செய்தேன். நாற்பது விநாடியில் நிறுத்திவிட்டார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதே மரமரப்பு, டாக்டர்." பிறகு மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொன்னேன். மரமரப்பு இறங்கியது. பையில் இருந்த அத்தனை ரிப்போர்ட்டும் தராத தெளிவு அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. (இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது.)

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் முறை நெஞ்சு வலி வந்தால் அது பேனிக்கா, வாய்வா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வலி வந்தாலும், இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், சோடா குடித்துப் பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே சரியாகத் தெரியாமல் போகலாம்.

அந்த மேலாளரின் சட்டைப் பையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. ஒன்று நாக்குக்கு அடியில் வைக்கும் இதய மாத்திரை, நண்பர் கொடுத்தது. தேவையில்லாமல் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், அந்த மயக்கமே அடுத்த பயத்தைக் கிளப்பும். இன்னொன்று அல்பிரசோலம், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. உடனே அமைதி தரும், ஆனால் தொடர்ந்து போட்டால் பழகிவிடும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நாங்கள் தருகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேறு. அவை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். மூன்றாம் நாளே "கேட்கலை" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அவை அல்பிரசோலம் மாதிரி அடிமையாக்குவதில்லை. அவற்றையும் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். கூடவே பேச்சு சிகிச்சை. அவர் அவிநாசி சாலையையே தவிர்த்து ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அதே சாலையில் போக வைத்தோம்.

அப்புறம் வேலை. "கடைசியா எத்தனை மணிக்கு போன் பார்ப்பீங்க?" என்று எல்லோரிடமும் கேட்பேன். அவருடைய டார்கெட் விவரம் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வருமாம், எல்லாக் கிளைகளும் வரிசையாக, பின்தங்கிய கிளை சிவப்பு நிறத்தில். அதைப் பார்த்துவிட்டு எவருக்குத் தூக்கம் வரும்? வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒப்பிட்டது 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு. நோயாளிக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பத்து மணிச் செய்தியை அப்படியே விட்டால், என் சிகிச்சை பாதிதான். அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு யோகா வகுப்பு வைப்பதைவிட, இரவு எட்டுக்கு மேல் வேலைச் செய்தி அனுப்பக் கூடாது என்று ஒரு மேலதிகாரி சொல்வது அதிகப் பலன் தரும். இது என் அனுபவத்தில் உறுதியாகத் தெரிந்தது.

இரண்டு வாரம் விடுப்பு எடுக்கச் சொன்னேன். தயங்கினார். "உங்க சீல்ல மனநல மருத்துவர்னு இருக்குமே டாக்டர். எங்க பக்கத்து வீட்டு டாக்டர்கிட்ட டைபாய்டுன்னு வாங்கிக்கட்டுமா?" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் மேல் தவறில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது, உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் டீ டைமில் நடக்கும் பேச்சைச் சட்டம் தடுக்காதே.

பக்கத்து மேசையில் ஒருவருக்கு இப்படி வந்தால், முதலில் கேளுங்கள்: இதற்கு முன்பு வந்திருக்கிறதா, டாக்டர் பார்த்திருக்கிறாரா? இல்லையென்றால் நேராக மருத்துவமனை. பார்த்து உறுதியானதுதான் என்றால் கூட்டம் கூட்டாமல் அருகில் உட்காருங்கள். "பயமாத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்துல இறங்கிடும், நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மூச்சை மெதுவாக விட்டால் அவரும் அதைப் பிடித்துக்கொள்வார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண்ணைக் கொடுங்கள்: 14416. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.