பயோகேஸ் பிளான்டுக்கு அமீன் கலவை வாங்கும் முன்

கொச்சியிலிருந்து கோவைப் பக்கம் குழாயில் வரும் எரிவாயுவை இங்கே அமீனில் (கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனக் கரைசல்) கழுவ வேண்டியதில்லை. அது கப்பலில் திரவமாக வருவது; திரவமாக்கும் இடத்திலேயே கார்பன் டை ஆக்சைடை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவுக்குக் குறைத்துவிடுவார்கள்; குறைக்காமல் விட்டால் அது உறைந்து கருவிகளை அடைத்துவிடும். நம் பக்கம் அமீன் பேச்சு எழுவது நாமக்கல் கோழி எருவிலும் சேலத்துச் சேகோ ஆலைக் கழிவுநீரிலும் கிடைக்கிற பயோகேஸுக்குத்தான். ஐஎஸ் 16087 என்ற இந்தியத் தரப்படி, சுத்தம் செய்த பிறகு அதில் மீத்தேன் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

“எம்டிஇஏ ஊத்துனா விறகு மிச்சம்னாங்களேங்க?” என்று முதலாளிகள் கேட்பார்கள். எம்டிஇஏ அமீனில் ஒரு வகை. மிச்சம்தான், பொய்யில்லை. பிடித்த வாயுவை விரட்ட இன்னொரு வகையான எம்இஏவுக்கு ஆகும் ஸ்டீம் இதற்கு ஆகாது. ஆனால் எம்டிஇஏ ஹைட்ரஜன் சல்பைடைப் பட்டென்று பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடிடம் மந்தம். எண்ணெய் வயல்களில் அழுத்தம் கைகொடுக்கும். பயோகேஸில் அழுத்தமே இல்லை. அதனால்தான் சில சதவீதம் பைபரசைன் என்ற வேகமான அமீனைச் சேர்க்கிறார்கள். லாரி மூட்டையை இறக்கி குடோனுக்குள் தள்ளிவிடும் லோடுமேன் போல, அது கார்பன் டை ஆக்சைடை வேகமாகப் பிடித்து எம்டிஇஏவிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போகும்.

சரி, கலவை வாங்கியாயிற்று. அப்புறம் பலர் கோட்டை விடுவது காற்றில். கந்தகத்தைக் (ஹைட்ரஜன் சல்பைடை) குறைக்க, கழிவு நொதிக்கும் தொட்டியான டைஜஸ்டருக்குள் கொஞ்சம் காற்று விடுவது வழக்கம். மிஞ்சும் ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும். அதில் பிறக்கும் அமிலங்கள் அமீனோடு சேர்ந்து உப்பாகி, அமீனைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லரின் சூட்டுக்கும் பிரியாமல் தங்கிவிடும்; குழாய் அரிக்கும். பாட்டிலில் கொஞ்சம் அமீன் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். கறுத்துப்போய், நுரையும் அடங்காமல் நின்றால் அமீன் கெட ஆரம்பித்துவிட்டது; உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, பிடித்த வாயுவை அமீனிலிருந்து விரட்டும் கோபுரமான ஸ்ட்ரிப்பரின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயு. பயோகேஸில் 2,000 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடும் 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால், மீத்தேன் பிரிந்துவிட்டதால் அங்கே சல்பைடு 5,000 பிபிஎம்மை ஒட்டி வரும். சில மூச்சில் ஆளைச் சாய்க்கிற அளவு அது. அழுகல் முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. 100 பிபிஎம்மைத் தாண்டினாலே மூக்கு மரத்துவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். விலைப்புள்ளியில் இந்த வாயு வெளியேறும் வழியான வென்ட் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இரும்பு ஆக்சைடு படுகையில் கந்தகத்தை முதலில் எடுத்துவிட்டு, அமீனிடம் கார்பன் டை ஆக்சைடை மட்டும் விடச் சொல்லுங்கள். படுகைக்குச் செலவு கூடும்தான். அதில் பேரம் பேச வேண்டாம்.