ஏழரை மணிக் கறி, ஒரு மணிப் பந்தி

ஓணத்தை ஒட்டியோ கிறிஸ்துமஸுக்கு முன்னரோ, நாகர்கோவில் அலுவலகங்களில் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து ஒன்றாக அமர்ந்து உண்ணும் நாள் வருகிறது. மார்த்தாண்டத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ பேருந்தில் வருபவர், காலை ஏழரை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய கறியை மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கிறார். இடையே ஐந்தரை மணி நேரம் கடந்துவிடுகிறது. எதைச் சமைத்துக் கொண்டு போகலாம் என்பதை நாம் பெரும்பாலும் ருசியை வைத்தே முடிவு செய்கிறோம். அந்த ஐந்தரை மணி நேரத்தில் பாத்திரத்துக்குள் நடப்பதை அறிந்துகொண்டால், நம்முடைய தேர்வு மாறிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு விருந்துக்கு நான் அவியல் கொண்டு சென்றேன். அரைத்த தேங்காயைச் சேர்த்ததும் ஒரு கொதி வருவதற்குள் இறக்கி, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் இட்டு, சூடு சற்று தணியட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, பிறகு ஹாட் பாக்ஸில் அடைத்தேன். மதியம் திறந்தபோது மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தது. கறியில் புளித்த வாடை வீசியது. அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஹாட் பாக்ஸ்தான் உணவைக் காக்கும் என்று நம்பியிருந்த எனக்கு, அன்று அதுவே கெடுத்தது என்பது பின்னர்தான் விளங்கியது.

உணவில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் செழித்துப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து உணவுப் பாதுகாப்பு விதிகளுள் ஒன்று இதைப் பற்றியதே: சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது, சூடாகப் பரிமாற வேண்டியதை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். ஹாட் பாக்ஸ் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. கொதிக்கக் கொதிக்க அடைத்த கறி, அந்த 60 டிகிரியைத் தொடுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். 50 டிகிரிக்குத் தணிந்த பின் அடைத்த கறியோ, 50-இலிருந்து 35 வரை மெல்ல மெல்ல இறங்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட இதமான வெப்பம் வேறில்லை. கோழி முட்டையை அடைகாப்பது போல அந்தப் பெட்டி கிருமிகளை அடைகாத்துக்கொடுக்கிறது.

பெருக்கத்தின் வேகத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்ற சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி, 5 மணி நேரத்தில் 15 முறை இரட்டித்து 32,768 ஆகிவிடும். ஒரு கிராம் கறியில் தொடக்கத்தில் ஆயிரம் இருந்தால், முடிவில் மூன்று கோடிக்கும் மேல். நடைமுறையில் கிருமிகள் புதிய சூழலுக்குப் பழகவே சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் எண்ணிக்கை இந்த அளவுக்கு எட்டாமல் போகலாம். ஆனால் நோயுண்டாக்க ஒரு கிராமில் சில லட்சம் இருந்தாலே போதும் என்னும்போது, அந்தத் தாமதத்தை நம்பி ஒரு அலுவலகத்துக்கே பரிமாற முடியாது.

நன்கு வேகவைத்த உணவில் கிருமி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, அரிசியில் வித்து (ஸ்போர்) என்னும் உறங்குநிலை வடிவில் ஒட்டியிருக்கிறது. அந்த வித்துகள் சோறு வேகும் கொதியில் சாவதில்லை. மாறாக, அந்தச் சூடே அவற்றை உறக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது, போட்டிக்கு நின்ற மற்ற கிருமிகளையும் ஒழித்துக்கொடுக்கிறது. சோறு ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சை வெளியிடுகின்றன. அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. ஆகவே, முந்தின இரவு வடித்து அடுக்களையிலேயே விட்ட சோற்றில் காலையில் தேங்காய்ச் சோறோ ஃபிரைட் ரைஸோ கிளறி, அலுவலக மைக்ரோவேவில் மீண்டும் சூடாக்கினாலும் பயனில்லை. கிருமி செத்தாலும் நஞ்சு தட்டுக்கு வந்துவிடும். கையில் பிசைந்து கலப்பதிலும் இதே ஆபத்து உண்டு, ஏனெனில் நம் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நஞ்சும் கொதிநீரைத் தாங்கக்கூடியது.

இனி தேங்காய்க்கு வருவோம். அவியலும் தீயலும் ஒரே தேங்காயில் பிறந்தவைதான். அவியலில் தேங்காய் பச்சையாக அரைபட்டு, ஈரமும் சத்தும் குறையாமல், அதிகம் கொதிக்காமல் கறியில் கலக்கிறது. புளிப்பும் மிதமாகவே இருக்கிறது. உள்ளித் தீயலிலோ தேங்காய்த் துருவலைச் செம்பழுப்பாகும்வரை வறுக்கிறோம். அப்போது அதன் ஈரம் ஆவியாகிறது. புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிறகு அதை அரைத்து, புளிக்கரைசலில் எண்ணெய் தெளியும்வரை கொதிக்க விடுகிறோம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறியின் பி.எச். அளவைக் கீழே இழுக்கிறது; இந்த அளவு குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று பொருள். அந்த அளவு ஏறத்தாழ 4.5-க்குக் கீழே சென்றால், மேலே சொன்ன வித்துக் கிருமிகளின் பெருக்கம் நின்றுவிடும், அல்லது மிகவும் மந்தமாகும். மறுநாள் தீயலுக்கு ருசி கூடுகிறது என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: புளிப்பும் உப்பும் காரமும் உள்ளியின் உட்புறம்வரை ஊடுருவ நேரம் தேவைப்படுகிறது. எனினும் புளி எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தே அமிலம் அமையும் என்பதால், தீயலையும் கொதியோடு அடைப்பதே முறை.

குடம்புளி இட்ட மீன்குழம்புக்கும் அமிலத்தின் காவல் உண்டு. ஆனால் அயிலை, சாளை, சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டியில் வைக்காமல் விட்டிருந்தால், சமைப்பதற்கு முன்பே அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தரும் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேர்ந்துவிடும். கொதியும் புளியும் அதை அழிக்காது. கரையில் இறங்கிய மீனை உடனே வாங்கும் குளச்சல்காரருக்கு இது எளிது. மற்றவர்கள் மீனைத் தவிர்ப்பது நல்லது.

ஏத்தங்காய் வற்றல், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து ஆகியவற்றுக்கு இந்தக் கவலைகள் இல்லை. ஓர் உணவில் கிருமிகளுக்குக் கிடைக்கக்கூடிய நீரை 0 முதல் 1 வரையிலான நீர்ச் செயல்பாடு என்னும் அளவால் குறிப்பர். ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் ஸ்காட் 1953-இல் இதன் முக்கியத்துவத்தைத் தெளிவுபடுத்தினார். அது 0.85-க்குக் கீழே இருந்தால் நோய்க்கிருமிகள் நஞ்சை உண்டாக்கும் அளவுக்குப் பெருகுவதில்லை. எண்ணெயில் பொரிப்பது நீரை வெளியேற்றுகிறது, வெல்லப்பாகு எஞ்சிய நீரைப் பிடித்துவைக்கிறது. மழைக்காலத்தில் வற்றல் நமத்துப்போகாமல் டப்பாவை இறுக மூடினால் போதும்.

மரச்சீனிக்கிழங்கைப் பலர் விரும்பிக் கேட்பார்கள். அதன் மாவுச்சத்து சூட்டில் நீரை ஏற்று இளகியிருக்கும். ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்கி இறுகும். நீர் தெளித்து மீண்டும் சூடாக்கினால் ஓரளவு இளகும், காலையில் இருந்த குழைவு திரும்பாது. கிழங்குக்கு வீட்டுப் பந்திதான் பொருத்தம்.

எந்தக் கறியானாலும், ஹாட் பாக்ஸில் முதலில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, கறியைக் கொதியோடு விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி காலியாக இருக்கும் பெட்டி விரைவில் ஆறிவிடும். விருந்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் இப்படி அடைத்து, ஐந்தரை மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பார்த்தால், உங்கள் பெட்டியின் திறன் தெரிந்துவிடும். முந்தின இரவே சமைப்பவர், கறியை அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்; கெட்டியான கறியின் ஆழம் இருமடங்கானால் அது ஆறுவதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும்.

பந்தி முடிந்து இரண்டரை மணிக்கு, மீந்ததைப் பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் நம்மிடம் உண்டு. வற்றலையும் முந்திரிக்கொத்தையும் தயக்கமின்றிப் பங்கிடலாம். கறிகளுக்கு அப்போதே ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். திறந்து பரிமாறியதில் சூடும் போயிருக்கும். மனம் வராவிட்டாலும் அவற்றை அங்கேயே விட்டுவிட வேண்டும்.