ஒரே அதிகாரியின் கீழ் பதின்மூன்று நாடுகள்

அமெரிக்காவின் தெற்கு, மத்திய ஆசிய விவகாரங்களுக்கான உதவி வெளியுறவுச் செயலர் கொழும்பிலோ டாக்காவிலோ வந்து இறங்கினால், அங்கே அது முதல் பக்கச் செய்தி. வாஷிங்டனிலோ அவர் நான்காம் படியில் இருப்பவர். வெளியுறவு அமைச்சர், துணை அமைச்சர், அரசியல் விவகாரங்களுக்கான சார்புச் செயலர், அதற்கப்புறம்தான் இவர். அப்படியிருந்தும் இவ்வளவு செல்வாக்கு எங்கிருந்து வருகிறது?

உலகத்தை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவை வைத்து, அதை ஓர் உதவிச் செயலரிடம் கொடுத்திருக்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறை. அதிபர் பெயரை முன்மொழிவார். செனட் ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பிரிவில் ஒவ்வொரு நாட்டையும் கவனிக்க ஒரு 'டெஸ்க்' உண்டு. அமைச்சர் நாளை ஒரு நாட்டின் பிரதமரோடு தொலைபேசியில் பேசப்போகிறார் என்று வையுங்கள். என்ன பேசலாம், எதைத் தொடவே கூடாது என்ற குறிப்பை முதலில் எழுதுவது டெஸ்க் அதிகாரிதான். சட்டப் பிரிவு ஒரு சொல்லை மாற்றும். மனித உரிமைப் பிரிவு ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும். இந்த இழுபறியெல்லாம் தீர்ந்து, உதவிச் செயலர் சரி என்ற பிறகே குறிப்பு மேலே போகும். நேரமில்லாத அமைச்சர் பெரும்பாலும் அதிலுள்ளதைத்தான் பேசுவார். முடிவெடுப்பவர் மேலே இருக்கலாம். அவர் முன் எந்தெந்த வழிகள் வைக்கப்படும் என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

என்னைக் கேட்டால், பதவியில் யார் இருக்கிறார் என்பதைவிட அதன் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே முக்கியம். 1992 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் இஸ்ரேல், ஈராக், வளைகுடா நாடுகளைக் கவனிக்கும் பிரிவிலேயே இருந்தன. மேற்கு ஆசியாவில் எப்போதும் ஏதாவது பற்றி எரியும். தெற்காசியாவுக்கு மிஞ்சிய கவனம்தான் கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் தனிப் பிரிவு பிறந்தது. முதல் உதவிச் செயலரான ராபின் ரபேல் 1993-இல், காஷ்மீர் இந்தியாவோடு சேர்ந்த இணைப்பு ஒப்பந்தத்தையே கேள்விக்குள்ளாக்கும் விதமாகச் செய்தியாளர்களிடம் பேச, டெல்லி கொதித்துப்போனது. நான்காம் படியிலிருந்து வந்த பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை.

2006-இல் கோடு மறுபடி நகர்ந்தது. ஐரோப்பியப் பிரிவில் இருந்த கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் உள்ளிட்ட ஐந்து மத்திய ஆசிய நாடுகள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றை ஆப்கானிஸ்தான் வழியாகத் தெற்கோடு இணைக்கும் எண்ணம் அதன் பின்னால் இருந்தது. மியான்மரோ இந்தியாவை ஒட்டியிருந்தும் கிழக்காசியப் பிரிவில்.

இதில் ஒரு முரணும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் வரைபடம் வேறு. அங்கே இந்தியா, ஹவாயிலிருந்து இயங்கும் இந்தோ-பசிபிக் கட்டளையகத்தில். பாகிஸ்தான், புளோரிடாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கட்டளையகத்தில். இரு நாட்டுக்கும் பதற்றம் மூண்டால் ராணுவத் தரப்பில் இரண்டு தளபதிகள் ஆளுக்கொரு பக்கத்தைப் பார்ப்பார்கள். வெளியுறவுத் துறையிலோ இரண்டு டெஸ்க்குகளின் அறிக்கையும் ஒரே உதவிச் செயலரிடம் வந்து சேரும். இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்து எடைபோடுவது அவருடைய அன்றாட வேலை. இவ்வளவு கனமான இந்தப் பதவி, 2017 தொடக்கத்திலிருந்து 2021 வரை செனட் ஒப்புதல் பெற்ற ஒருவர் இல்லாமலேயே, பொறுப்பு அதிகாரிகளைக் கொண்டே ஓடியது.