காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு: ஆறாவது பிறந்தநாளுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

அரசு மருத்துவமனை ஒன்றின் காது மூக்கு தொண்டைப் பிரிவு வாசலில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாயைச் சந்தித்தேன். ஜவுளிக்கடைப் பை ஒன்றில், மூன்று வருடத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். முதல் சீட்டு போட்டபோது, காது கேளாத அவருடைய மகனுக்கு மூன்று வயது. நான் பார்த்த அன்று ஆறு வயது முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. இடைப்பட்ட மூன்று வருடங்களில் அவரிடம் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பரிசோதனையின் நடுவில் பையன் விழித்துவிட்டான் என்று இரண்டு முறை, கருவி பழுது என்று நான்கு மாதம், ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்று ஒரு முறை, கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒரு முறை, இப்படி ஒவ்வொரு முறையும் "அடுத்த மாதம் வாங்கம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையில் இருந்த சீட்டுகளில் ஒன்றில்கூடத் தாமதத்துக்கான காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிறவியிலேயே கடுமையாகக் காது கேளாத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (ஒரு பகுதியை உள்காதில் வைத்து, வெளியே மாட்டும் மற்றொரு பகுதி வழியாக ஒலியை நேரே செவி நரம்புக்கு அனுப்புவது) பொருத்தும் அறுவை சிகிச்சை இதில் இலவசம். உறுப்பு மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளைப் போலவே இதற்கான செலவும் வழக்கமான காப்பீட்டுத் தொகைக்கு வெளியே, தனியான தொகுப்பு நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. வல்லுநர் குழு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தேதி கிடைக்கும் என்பதால், சாதாரண அறுவை சிகிச்சைக்கு ஆவது போல ஓரிரு நாளில் அனுமதி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு வயது என்பதைப் பெற்றோர் பலர் "ஆறு வயது வரை நேரம் இருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூளையில் ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதி முதல் மூன்று, மூன்றரை வருடங்களில்தான் வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் ஒலியே எட்டாத குழந்தைக்குப் பிறகு கருவி பொருத்தினால் சத்தம் கேட்கும், ஆனால் பேச்சைப் பிரித்தறிந்து திரும்பப் பேசுவது மிகவும் கடினமாகிவிடும். ஒரு வயதிலேயே பொருத்தக்கூடிய சிகிச்சை இது. ஆகவே குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் தின்னப்போகும் மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், குழந்தை தவழும் பருவத்திலேயே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் தாமதம் வீட்டிலேயே நிகழ்கிறது. "இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்லுவார். அதைக் கேட்டு ஒரு வருடம் ஓடிவிடும். முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பார்த்து, குழந்தை திரும்பியதால் காது கேட்கிறது என்று முடிவு செய்துவிடுவார்கள். தட்டு விழுந்த அதிர்வையும் ஆள் அசையும் நிழலையும் உணர்ந்துகூடக் குழந்தை திரும்பும். பிறந்த குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து காது கேட்கிறதா என்று ஓரிரு நிமிடத்தில் பார்க்கும் ஓஏஇ பரிசோதனை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கால அளவு. உறவில் திருமணம் செய்தவர்கள், குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தவர்கள், பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தவர்கள், மூளைக்காய்ச்சல் வந்த குழந்தையின் பெற்றோர் ஆகியோர் யார் சொல்வதற்கும் காத்திராமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே செல்லுங்கள். "மூன்று வயது ஆகட்டும், பார்க்கலாம்" என்று எந்த மருத்துவர் சொன்னாலும் அதை ஏற்காதீர்கள்.

அடுத்தது பெரா பரிசோதனை. குழந்தையின் தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்ப்பார்கள். குழந்தை ஆழ்ந்து தூங்கினால்தான் இது நடக்கும். இந்த ஒரு விஷயத்தால் நழுவிப்போகும் மாதங்களுக்குக் கணக்கே இல்லை. விடியற்காலை பஸ் ஏறி வருகிறார்கள். குழந்தை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிடுகிறது. மருத்துவமனையில் தூக்க மருந்து கொடுத்தும் கண்ணை மூடவில்லை. மாலையில் வேறு தேதி எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள், அது ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து. முந்தைய இரவு குழந்தையை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் தாமதமாகத் தூங்கவையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் தூங்கவே விடாதீர்கள். முடிந்தால் கூட இன்னொருவரை அழைத்துவந்து மாறி மாறி விளையாட்டுக் காட்டுங்கள். மருந்து கொடுப்பதற்கு முன் எத்தனை மணி நேரம் பால், உணவு கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், ஆகவே அதையும் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த விவரங்களைச் சீட்டின் பின்பக்கத்தில் நான்கு வரியாக அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும். இத்தனை வருடங்களில் அப்படி ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரணக் கருவியைச் சில மாதம் போட்டுப் பார்த்து, அதனால் பயன் போதவில்லை என்று செவித்திறன் நிபுணர் எழுதிய பிறகே காக்ளியருக்குப் பரிந்துரை வரும். பெற்றோர் அறியாமல் விழும் குழி இதில் இருக்கிறது. கருவி கீச்சென்று கத்துகிறது, குழந்தை பிடுங்கி எறிகிறது என்று அதைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால், கருவியைப் போடவே இல்லை, முதலிலிருந்து தொடங்குங்கள் என்கிறார்கள். கீச்சென்ற சத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காது அச்சு, அதாவது கருவியில் காதுக்குள் பொருந்தும் பகுதி, தளர்ந்திருப்பதே காரணம். குழந்தையின் காது வளர வளர அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எந்தச் சத்தத்துக்குத் திரும்பியது, எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் மீண்டும் மூன்று மாதம் போடச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. கருவி வாங்கப் பணமில்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

பரிசோதனைகள் ஒருபுறம் நடக்கும்போதே காப்பீட்டு அட்டைக்கான வேலையும் நடக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரை எழுதட்டும், பிறகு அட்டை எடுக்கலாம் என்று இருந்தவர்கள் எல்லோரும் பின்னால் தவித்திருக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பழைய வரம்பான 72,000 ரூபாயை இன்னும் சொல்லித் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். தாத்தாவின் ரேஷன் கார்டிலேயே நீங்களும் இருந்து, அவர் ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் அதுவும் குடும்ப வருமானமாக எண்ணப்படும். தனிக்குடித்தனம் இருப்பவர்கள் முதலில் தனி ரேஷன் கார்டு எடுங்கள், அதற்கே சில மாதம் ஆகலாம்.

குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் கட்டாயம் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாததால் ஆதாரும், ஆதார் இல்லாததால் ரேஷன் கார்டும், அது இல்லாததால் காப்பீட்டு அட்டையும் நின்றுபோன குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். பிறந்த ஒரு வருடத்துக்குள் பெயர் பதிவுக்குக் கட்டணம் இல்லை, அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. முன்னெழுத்தும் பெயரின் எழுத்துக்கூட்டும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு முறை அமர்ந்து ஒப்பிடுங்கள். ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது என்பதால் ஐந்து முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். ஆறாவது வயதை நெருங்கும் குழந்தைக்குக் கடைசி நேரத்தில் வந்து நிற்கும் தடை இது. எல்லாம் சரியான பிறகு வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சென்று பதிவு செய்யுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேறு, காப்பீட்டு அட்டை வேறு. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்கு வாருங்கள் என்று கவுன்டரில் யாரேனும் சொன்னால், இரண்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் அல்லது அதற்கு மேல் இழப்பு இருந்தால் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை காது கேளாதவராகக் கருதப்படும். பின்னாளில் பள்ளிச் சலுகை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்த அடையாள அட்டை தேவைப்படும்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது "காப்பீடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. காப்பீட்டில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்கலாம், ஆனால் காக்ளியருக்கு அனுமதி பெறாததாக இருக்கலாம். "முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" என்றே கேளுங்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். முதலில் நீங்கள் கட்டிவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டிய பணம் திரும்பி வராது. நல்ல மாடல் போட இன்னும் கொஞ்சம் தொகை கொடுங்கள் என்று தனியாக அழைத்துப் பேசுபவர் வந்தால், அவர் பெயரைக் குறித்துக்கொண்டு 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்டக் கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். அறுவைக்கு முன் உள்காதைப் பார்க்க எடுக்கும் ஸ்கேனுக்கும் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்டுவிட்டே வெளியில் எடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அது விடுபட்டிருந்தால் தேதி தள்ளிப்போகும்.

அறுவை முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள். அன்றைக்கே குழந்தை "அம்மா" என்று சொல்லும் என்று நம்பி உறவினர்களை எல்லாம் அழைத்துவந்து, குழந்தை பயந்து அழுவதைப் பார்த்து மனமுடைந்த பெற்றோரை எனக்குத் தெரியும். அழுதால் ஒலி உள்ளே போகிறது என்று பொருள். கேட்டுப் பேசும் பயிற்சி வாரம் தவறாமல் ஒரு வருடமாவது நடக்க வேண்டும், அதுவும் திட்டத்தில் அடங்கியது. கூலி வேலையை விட்டுவிட்டு வாரம் ஒரு நாள் அறுபது கிலோமீட்டர் வர முடியாமல் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்; அதைப் பெற்றோரின் அலட்சியம் என்று கோப்பில் எழுதுவது எனக்கு ஏற்புடையது அல்ல. உங்கள் ஊருக்கு அருகில் பயிற்சி தரும் இடம் இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். காது கேளாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் மாவட்டங்களில் உள்ளன.

வெளிக்கருவிக்கு உத்தரவாதக் காலம் எவ்வளவு, அதில் கேபிளும் தலையில் ஒட்டும் சுருளும் அடங்குமா, பேட்டரியை யார் தருவார்கள் என்பதை வீட்டுக்குப் போகும் முன் எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு அறுந்த ஒரு கேபிளுக்குப் பணம் இல்லாமல் மாதக்கணக்கில் மௌனத்துக்குத் திரும்பிய குழந்தைகள் இருக்கிறார்கள். இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், வியர்வையும் மழை ஈரமும்தான் அதை முதலில் கெடுக்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் எந்த இடத்தில் இரண்டாவது முறையாக "அடுத்த மாதம்" என்றாலும், காரணத்தையும் அடுத்த தேதியையும் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவின் முதல் வரியில் குழந்தையின் பிறந்த தேதியையும் ஆறு வயது நிறையும் தேதியையும் எழுதி, அதன் கீழே இதுவரை அலைந்த நாட்களை வரிசையாக எழுதி, சீட்டுகளின் நகலை இணைத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.