சூழலியல் மானிடவியல்: சொல் விளக்கம்

ஒரு மக்கள் கூட்டம் எதைச் சாப்பிடுகிறது, எத்தனை பேராகச் சேர்ந்து வாழ்கிறது, எப்போது திருவிழா எடுக்கிறது, யாரைக் கும்பிடுகிறது? இதற்கெல்லாம் அவர்கள் வாழும் நிலத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஆராயும் துறைதான் 'எக்கலாஜிக்கல் ஆந்த்ரோபாலஜி', தமிழில் சூழலியல் மானிடவியல். பெயரைக் கேட்டதும் மரம் நடும் இயக்கமோ மாசுக் கட்டுப்பாடோ நினைவுக்கு வந்தால் அது வேறு. இங்கே வேலை பெரும்பாலும் ஒரு ஊரில் ஒன்றிரண்டு வருடம் தங்கி, யார் என்ன விதைக்கிறார்கள், யார் எதைத் தின்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டிருப்பது.

உயிர்களுக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் 'எகாலஜி' என்ற சொல்லை 1866இல் ஆக்கியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. 'எகானமி'யும் அதே வீட்டுப் பிள்ளைதான். 'ஆந்த்ரோபோஸ்' என்றால் மனிதன்.

தமிழில் 'எகாலஜி'க்கு ஒரே சொல் நிலைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சூழ்நிலையியல் என்றன. 'எகோசிஸ்டம்' இங்கே சூழ்நிலை மண்டலம், இலங்கையில் சூழற்றொகுதி. சூழ்நிலை என்றால் இன்று நமக்குச் சந்தர்ப்பம் என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வகையில் சூழலியல் நல்ல மாற்று. 'சூழ்' என்ற வினைக்குச் சுற்றி நிற்றல் என்பதோடு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று குறள் சொல்லும்போது அங்கே சூழ்ச்சி சதியல்ல, கலந்து யோசிப்பது. இந்தத் துறைக்கு எதிர்பாராமல் வாய்த்த பொருத்தம் இது.

சரி, துறைக்குள் போகலாம். இதற்கு வழி போட்டவர் அமெரிக்க மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட். அமெரிக்காவின் நெவாடா, யூட்டா பக்கத்து வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஷோஷோனிப் பழங்குடி மக்களைப் பற்றி 1938இல் எழுதினார். அவர்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு பைன் கொட்டை. ஒரு மலையில் இந்த வருடம் காய்த்துக் கொட்டும், அடுத்த வருடம் ஒன்றும் இருக்காது. காய்த்த இடம் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஒவ்வொரு குளிருக்கும் அண்டை வீட்டார் மாறினார்கள். பெரிய ஊரும் நிரந்தரத் தலைவனும் அங்கே உருவாகாததற்கு ஸ்டூவர்ட் சொன்ன காரணம் இதுதான். வலை கட்டி முயல் விரட்டும்போது மட்டும் பல குடும்பங்கள் கூடும், ஒருவர் தலைமை ஏற்பார். வேட்டை முடிந்தால் தலைமையும் முடிந்தது.

'நிலம் எப்படியோ மனிதனும் அப்படியே' என்ற பழைய வாதம்தானே இது என்று கேட்கலாம். இல்லை. கையில் இருக்கும் கருவியையும் திறமையையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டார். குதிரை கிடைத்து பைசன் வேட்டைக்குப் போன ஷோஷோனிப் பிரிவுகள் பெருங்கூட்டங்களாகத் திரண்டன. அதோடு, பண்பாடு முழுவதையும் நிலத்தில் கொண்டுபோய்க் கட்டவும் இல்லை. பிழைப்போடு நெருக்கமான பகுதியை மட்டும் 'பண்பாட்டு உட்கரு' என்று தனியே எடுத்துப் பார்த்தார். இந்த அணுகுமுறைக்கு அவர் வைத்த பெயர் 'கல்ச்சுரல் எகாலஜி', தமிழில் பண்பாட்டுச் சூழலியல்.

1960களில் இந்தத் துறை இன்னொரு பக்கம் திரும்பியது. அமெரிக்க மானிடவியலாளர் ராய் ராப்பபோர்ட் 1962இல் பப்புவா நியூகினி மலைப்பகுதியில் செம்பாகா மக்களிடம் போய்த் தங்கினார். மொத்தம் 200 பேர் அளவிலான சமூகம். சர்க்கரைவள்ளியும் சேம்பும் பயிர், பன்றி வளர்ப்பு, அக்கம்பக்கத்தாரோடு அவ்வப்போது சண்டை. சண்டை ஓய்ந்ததும் 'ரும்பிம்' என்ற செடியை நடுவார்கள். வளர்ந்த பன்றிகளை வெட்டி முன்னோருக்குப் படைத்து, 'மிச்சக் கடனைப் பிறகு தீர்க்கிறோம்' என்று வாக்குக் கொடுப்பார்கள். அந்தச் செடி மண்ணில் இருக்கும்வரை சண்டை கூடாது.

அப்புறம் பன்றிகள் பெருகும். கொஞ்சமாக இருக்கும்போது தொந்தரவில்லை. தாமாகவே மேய்ந்து, ஊர்க் கழிவைத் தின்று, அறுவடை முடிந்த கொல்லையைக் கிளறிக்கொண்டு திரியும். எண்ணிக்கை ஏற ஏற அவற்றுக்கும் கிழங்கு பயிரிட வேண்டியிருக்கும். அந்தப் பாடு பெண்கள் தலையில் விழும். பன்றி அடுத்தவர் தோட்டத்தில் புகும், சண்டை சச்சரவு கூடும், முணுமுணுப்பு ஊர் முழுக்கக் கேட்கும். அந்தக் கட்டத்தில் 'முன்னோர் கடனுக்குப் பன்றி போதும்' என்று முடிவாகும். ரும்பிமைப் பிடுங்குவார்கள். சுமார் ஒரு வருடம் நீளும் 'கைகோ' விழாவில் பன்றிகளை வெட்டிக் கூட்டாளிகளுக்கு இறைச்சி கொடுப்பார்கள். அதன்பின் சண்டைக்குத் தடையில்லை.

ராப்பபோர்ட் சில வீடுகளுக்கு வந்த விளைச்சலை நாள்தோறும் எடை போட்டார். சடங்கு என்பது பக்திக் காரியம் மட்டுமல்ல. பன்றி, நிலம், உழைப்பு, போர் எல்லாவற்றையும் ஓர் அளவுக்குள் வைக்கும் ஏற்பாடு என்பது அவருடைய முடிவு. 1968இல் நூலாக வந்தது. எதிர்ப்பும் வந்தது. பல வருடம் சுழலும் சக்கரத்தில் அவர் நேரில் பார்த்தது ஒரு கைகோவைத்தான். அதை வைத்துச் சமநிலை என்று எப்படிச் சொல்வது? என் பார்வையில் இதைவிடக் கூர்மையான கேள்வி வேறு: விழாவைக் கொண்டுவந்தது சடங்கா, உழைத்துச் சலித்த பெண்களின் முணுமுணுப்பா? விமர்சனங்களுக்கு அவர் 1984 பதிப்பில் விரிவாகவே பதில் எழுதினார்.

ராப்பபோர்ட்டுக்கு முன்பே, 1950களில், இன்னொரு அமெரிக்க மானிடவியலாளர் ஹெரால்ட் காங்க்லின் வேறு கேள்வி கேட்டிருந்தார்: ஒரு நிலத்தில் வாழும் மக்களே தங்கள் காட்டை எப்படிப் பார்க்கிறார்கள்? பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் ஹனுனோ மக்கள் 1,600க்கும் மேற்பட்ட செடி வகைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். அதே செடிகளைத் தாவரவியல் முறைப்படி பிரித்தால் கிடைக்கும் இனங்களைவிட இது அதிகம். காடெரித்துப் பயிரிடும் அவர்களை 'அழிப்பவர்கள்' என்று எழுதிக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு இது சங்கடமான தகவல். காங்க்லின் வழியை இனச் சூழலியல் என்கிறார்கள். 'இனம்' என்பது சாதி, மதப் பொருளில் படிக்கப்படும் அபாயம் உண்டு என்பதால் மக்கள்வழிச் சூழலியல் எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

எதற்கு இத்தனை சொல், 'திணை' என்றே சொல்லிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். களத்துக்குப் போகும் ஆய்வாளர் தன் குறிப்பேட்டில் போட்டுக்கொள்ளும் தலைப்புகள் மாதிரியே இருக்கிறது. ஆனால் திணை கவிதை மரபு. பாட்டில் எது எதோடு வரவேண்டும் என்பதை வகுப்பது. நிலத்தில் இறங்கி எடை போட்டுப் பார்ப்பதல்ல. நிலத்தையும் வாழ்வையும் சேர்த்து யோசித்த ஒரு சமூகத்தின் சான்றாகத் திணையை இந்தத் துறை ஆராயலாம். துறைக்கே அந்தப் பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும்.

எழுதுகிறவர்கள் கவனிக்க: ஸ்டூவர்ட் வழி வந்ததற்குப் பண்பாட்டுச் சூழலியல். ராப்பபோர்ட் காலத்து ஆய்வுகளுக்கும் பொதுவாகத் துறைக்கும் சூழலியல் மானிடவியல். பருவநிலை மாற்றம், அணைகள், சரணாலயங்களிலிருந்து வெளியேற்றம் என்று பின்னாளில் விரிந்த ஆய்வுகளுக்குச் சுற்றுச்சூழல் மானிடவியல். நிலமும் நீரும் யார் கையில் என்ற கேள்வியோடு மானிடவியலாளர் எரிக் வுல்ஃப் 1972இல் எழுதியதை ஒட்டி வளர்ந்தது அரசியல் சூழலியல். மானிடவியலா மானுடவியலா என்றால் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. மாந்தவியல் என்போரும் உண்டு. ஒரே கட்டுரையில் மூன்றையும் கலக்காமல் இருந்தால் போதும்.