மெட்டல் டிடெக்டர் சத்தத்தைப் புளூடூத்தில் அனுப்பினால் காசு ஏன் தப்புகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் வீட்டில் செய்த மெட்டல் டிடெக்டரோடு இறங்குபவர்களுக்கு ஹெட்போன் வயர் பெரிய தொல்லை. குனிந்தால் சிக்கும், உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்துக் கரகரக்கும். அதனால் பலரும் மலிவான புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கிச் செருகுகிறார்கள். பாட்டுக் கேட்க அது போதும். டிடெக்டருக்கு ஒலி இனிமையாக இருந்து பயனில்லை, உடனே வர வேண்டும்.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். சாதாரண எஸ்.பி.சி. கோடெக்கில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதமாகும். டிடெக்டரின் அடியில் உள்ள தேடும் வளையமான காயிலை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசினால், சத்தம் காதில் விழுவதற்குள் காயில் 15–25 செ.மீ. தாண்டிப் போயிருக்கும். தோண்டுவது ஓரிடம், காசு கிடப்பது வேறிடம். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் சுமார் 40 மில்லிநொடியில் நிற்கும். ஆனால் அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் இணைப்பு ஓசைப்படாமல் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும். பெட்டியில் வெறும் 'ஆப்டெக்ஸ்' என்று போட்டிருந்தால் அது வேறு கோடெக், லோ லேட்டன்சி அல்ல.

எங்கள் தேர்வு, கிட்டாருக்கென்று விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஜோடி. பெரும்பாலானவற்றில் தாமதம் 10 மில்லிநொடிக்கும் குறைவு. ஹெட்போன் ஜாக் இல்லாத ரிசீவர் என்றால், நடுவில் ஒலியைப் பெருக்கும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று வேண்டும்.

டிடெக்டரில் இருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வயர் இணைப்பதில்தான் அதிகம் தவறுகிறது. டிடெக்டரின் ஸ்பீக்கரை ஓட்டுவது எல்.எம். 386 ஆம்ப் சிப் என்றால், 5ஆம் பின்னுக்குப் பிறகு உள்ள கெபாசிட்டரைத் தாண்டி ஒலியை எடுங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரிலும், 1 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் போட்டால் 3 வோல்ட் 0.27 வோல்ட்டாகும். இது இல்லாமல் நேரே கொடுத்தால் டிரான்ஸ்மிட்டர் திணறும். மேலே கிடக்கும் மூடியும் ஆழத்தில் கிடக்கும் மோதிரமும் ஒரே சத்தமாகக் கேட்கும். பி.ஏ.எம். 8403 போன்ற சிப்பில் ஸ்பீக்கர் வயர் இரண்டிலுமே ஒலி மின்சாரம் ஓடும், எதுவும் கிரவுண்டு அல்ல. ஒன்றைக் கிரவுண்டில் தொட்டால் சிப் கெட்டுப்போகலாம். அங்கே வால்யூம் கண்ட்ரோலில் இருந்தே எடுங்கள். துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பித் தேடும் சில பல்ஸ் இண்டக்‌ஷன் போர்டுகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸில் நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக 3.7 வோல்ட் லித்தியம் செல் கொடுங்கள். டிடெக்டர் பேட்டரியையே பகிர்ந்தால், காயிலின் ஒவ்வொரு துடிப்பும் ஹெட்போனில் ரீங்காரமாகக் கேட்கும். டிரான்ஸ்மிட்டரைக் கண்ட்ரோல் பெட்டியோடு அசையாமல் கட்டுங்கள். காயிலுக்கு அருகில் வைத்தால் அதன் உலோகத்தையே டிடெக்டர் பிடிக்கும். சத்தமில்லாதபோது தானே அணையும் கருவி வேண்டாம். அது விழிப்பதற்குள் மெல்லிய முதல் ஒலி போய்விடும். உலோகம் இல்லாதபோதும் தொடர்ந்து கேட்கும் திரெஷோல்டு ஒலியைச் சன்னமாக ஓட விட்டால் இந்தத் தொல்லை குறையும். அலைக்குள் பெட்டி மூழ்கினால் இணைப்பு அறுந்துபோகும், உப்புநீரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சில சென்டிமீட்டர்கூடத் தேறாது. தண்ணீருக்குள் தேட வயர்தான்.

கருவியை எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளச் சட்டப்படி, தென்னாப்பிரிக்கத் தொல்லியல் இடங்களுக்கு மெட்டல் டிடெக்டரை எடுத்துச் செல்லவே அனுமதி வேண்டும். 60 ஆண்டைக் கடந்த கப்பல் சிதைவுகளும் 75 ஆண்டைக் கடந்த போர்க்களங்களும் இதில் அடங்கும்.

வாங்கியதும் தாமதத்தை அளந்துவிடுங்கள். டிடெக்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் ஹெட்போனை வைத்து, காயில் மீது காசை ஆட்டி, போனில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் இரண்டு ஒலிகளும் தொடங்கும் இடங்கள் தெரியும். இடைவெளி 50 மில்லிநொடிக்கு மேல் போனால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.